சுமைகூலி முக்கால் பணம்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்த கையோடு மனைவியின் தம்பி கைப்பேசியை நீட்டினான். "மாமா, இந்த மீக்கடத்திப் பங்கை வாங்கலாமா?"

இப்படிக் கேட்பது இது இரண்டாவது முறை. முதல் முறை 2023 ஆகஸ்டில். எல்.கே.-99 என்ற பொருள் அறை வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துகிறது, அதாவது அது மீக்கடத்தி (சூப்பர்கண்டக்டர்) என்று கொரியாவிலிருந்து செய்தி வந்த நேரம். அந்தப் பொருளோடு ஒட்டும் உறவும் இல்லாத 'அமெரிக்கன் சூப்பர்கண்டக்டர்' பங்குகூட ஒரே நாளில் பாதிக்கு மேல் ஏறியது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பலரும் செய்து பார்த்தார்கள். மீக்கடத்தலே இல்லை.

அவன் என்னிடம் கேட்பதில் நியாயம் உண்டு. சென்னையில் எம்.ஆர்.ஐ. காந்தங்களைப் பராமரித்துத்தான் பிழைக்கிறேன். உள்ளே இருப்பது நியோபியம்-டைட்டானியக் கம்பிச் சுருள். திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் மூழ்கியிருக்கும்வரை மின்தடையே இல்லை. மிக்ஜாம் புயலின்போது ஒரு ஸ்கேன் மையத்தின் அடித்தளத்தில் ஜெனரேட்டர் மூழ்கிவிட்டது. 'சிச் சிச்' என்று ஓயாமல் சத்தம் போடும் குளிரூட்டித் தலை அடங்கிப்போனது. ஹீலியம் மட்டம் நாள்தோறும் இறங்குவதை, ஐ.சி.யூ. வாசலில் நிற்பவனைப்போல் பார்த்துக்கொண்டிருந்தேன். காந்தம் 'குவென்ச்' ஆனால், அதாவது சூடேறி மீக்கடத்தலை இழந்தால், ஒரு லிட்டர் திரவம் 700 லிட்டருக்கு மேல் வாயுவாகிக் கூரைக் குழாய் வழியே வெண்புகையாகப் போய்விடும். போவது புகையல்ல, லட்சங்கள்.

"உயர்வெப்ப மீக்கடத்தி வந்தால் இந்தத் தொல்லையே இல்லையே?" என்றான்.

'உயர்வெப்பம்' என்ற பெயரே ஆளை ஏமாற்றும். 1986-இல் பெட்நோர்ஸும் முல்லரும் கண்டுபிடித்த செப்பு ஆக்சைடுக்கு மின்தடை மறைவது 35 கெல்வினில் (மைனஸ் 273 டிகிரியிலிருந்து எண்ணும் அளவு). மறு ஆண்டு வந்த இட்ரியம்-பேரியம்-செப்பு ஆக்சைடுக்கு 93. அதுவே மைனஸ் 180 டிகிரி! ஆனால் அந்தப் படியில்தான் திரவ நைட்ரஜனால் காரியம் ஆகும் என்ற நிலை வந்தது. நைட்ரஜன் காற்றிலேயே கிடைக்கிறது, மலிவு.

அப்படியும் எம்.ஆர்.ஐ. ஏன் மாறவில்லை? இந்தப் பொருள் பீங்கான் ஜாதி, அப்பளம்போல் நொறுங்கும். அதைப் பூசிச் செய்த ஒரு சாண் நீள டேப், நண்பர் ஒருவர் கொடுத்தது, என் மேசையில் கிடக்கிறது. 4 மில்லிமீட்டர் அகலம், பழைய கேசட் நாடா போலப் பளபளப்பு. மேலே தெரிவது செம்பு, நடுவே நிக்கல் கலவைத் தகடு, மீக்கடத்திப் படலமோ ஓரிரு மைக்ரான்தான். திரவ நைட்ரஜனில் இட்டால் 100 ஆம்பியருக்கு மேல் சுமக்கும், பத்துப் பன்னிரண்டு ஏ.சி.க்குப் போதும். ஆனால் அந்தப் படலத்தில் படிகங்கள் ஒரே திசையில் அணிவகுக்க வேண்டும், கிலோமீட்டர் கணக்கில் பிசகில்லாமல். விலை அங்கேதான் ஏறுகிறது. இதற்கிடையில் பழைய கம்பிக்காரர்களும் சும்மா இல்லை. முத்திரையிட்ட தொட்டியில் ஏழே லிட்டர் ஹீலியத்தில் ஓடும் எம்.ஆர்.ஐ. வந்துவிட்டது.

குளிரூட்டல் வேறு. மைனஸ் 196 டிகிரியில் ஒரு வாட் வெப்பத்தை வெளியேற்ற, வெளியே பத்து முதல் இருபது வாட் செலவு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மாற்று மின்னோட்டம் என்றால் மீக்கடத்தியிலும் கொஞ்சம் இழப்பு உண்டு. ஆகவே 'மின்சாரம் மிச்சமாகும்' என்று எவராவது பங்கு விற்க வந்தால் நான் எழுந்து காபி போடப் போய்விடுவேன்.

மிச்சமாவது இடம். ஜெர்மனியின் எசன் நகரில் 2014-இல் ஒரு கிலோமீட்டருக்கு உயர்வெப்ப மீக்கடத்திக் கேபிளைப் புதைத்தார்கள். 10 கிலோவோல்ட்டிலேயே 40 மெகாவாட். வழக்கமாக அதற்கு 110 கிலோவோல்ட் கேபிளும் நகர நடுவில் ஒரு துணைமின்நிலையமும் வேண்டும். தி.நகரில் துணைமின்நிலையத்துக்கு எத்தனை கிரவுண்டு வேண்டும், ஒரு கிரவுண்டு என்ன விலை என்று அவனையே கணக்குப் போடச் சொன்னேன். சூரியனில் நடப்பதுபோல் அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்க முயலும் அணுப்பிணைவு உலைக்காரர்கள் மொய்ப்பதும் இடம் மிச்சமாவதற்காகத்தான். 2021-இல் காமன்வெல்த் ஃப்யூஷன் நிறுவனம் இந்த டேப்பால் 20 டெஸ்லா புலவலிமை உள்ள காந்தம் செய்து காட்டியது. காந்தப்புலம் இரட்டித்தால் அதே கொள்ளளவில் பிணைவுத் திறன் பதினாறு மடங்காகலாம், அதனால் உலை சின்னதாகும். டேப் விற்பவனுக்கு அங்கே வாடிக்கையாளர் உண்டு. அந்த உலை மின்சாரம் விற்கும் நாள்வரை காத்திருக்கும் பணமா அவன் பணம்? மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் ஜூனில் கட்ட வேண்டும்.

"பெயரிலேயே சூப்பர்கண்டக்டர் இருக்கிறதே, அதையாவது?" என்றான். 2011-இல் அந்த நிறுவனம் சரிந்தது மீக்கடத்தியால் அல்ல. காற்றாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளை வாங்கிவந்த சீன வாடிக்கையாளர் சரக்கை ஏற்க மறுத்ததால். பெயர்ப்பலகையைப் பார்க்காதே, எந்தச் சரக்குக்கு ரசீது போடுகிறார்கள் என்று ஆண்டறிக்கையில் பார் என்றேன்.

தலையாட்டிக்கொண்டே கேட்டான். என் டேப்பை எப்போது எடுத்தானோ, பஸ் டிக்கெட்டை மடிப்பதுபோல் இரண்டாக மடித்துவிட்டிருந்தான். நான் பார்ப்பதைக் கவனித்ததும் நகத்தால் நீவி நேராக்கி மேசையில் வைத்தான்.

"ஒன்றும் ஆகவில்லை மாமா, பாருங்கள், அப்படியே இருக்கிறது."

பார்வைக்கு அப்படியேதான் இருந்தது.