இடது விலாவில் ஒரு காயம்

அம்மம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. செபப் புத்தகத்தை அவர் விரிப்பதே உள்ளே இருந்த குட்டிப் படத்துக்காகத்தான். சிலுவையில் இயேசு, கீழே மாதாவும் அருளப்பரும். விரல் பட்டுப் பட்டு ஓரமெல்லாம் கறுத்திருக்கும்.

அதில் ஈட்டிக் காயம் இடது விலாவில். கோயில் சுரூபத்தில் வலது பக்கம். சின்ன வயதில் ஏன் என்று கேட்டேன். “இருதயம் இடப்பக்கம்தானே மனே இருக்கு” என்றார்.

புளியந்தீவில் ஓர் அச்சகத்தில் அச்சுக்கோர்க்கப் போன பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஈய எழுத்து இடவலம் புரண்டிருந்தால்தான் தாளில் நேராக விழும். செப்புத் தகட்டுப் படமும் அப்படியே. முன்னால் இருக்கும் படத்தைப் பார்த்து அதேபோலக் கீறினால் தாளில் பக்கம் மாறிவிடும். அம்மம்மாவின் படம் பிந்திய இயந்திர அச்சு. ஆனாலும் அதற்கு முந்திய ஏதோ ஒரு நகலில் இந்தப் புரட்டல் நடந்திருக்க வேண்டும்.

எங்கள் எழுத்தில் மேடு மை பிடிக்கும்; செப்பில் பள்ளம். கூரிய உளியால் கோடு கோடாகச் செதுக்கி, மை பூசி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளோடு இரண்டு உருளைகளுக்கு நடுவே இறுக்கி இழுப்பார்கள். நிழல் என்று நாம் பார்ப்பதெல்லாம் கோடுகளின் நெருக்கம்தான். எத்தனை பொறுமை வேண்டும்!

1593-இல் இன்றைய பெல்ஜியத்தின் அண்ட்வெர்ப் நகரில் வெளிவந்த, இயேசு சபைக் குரு நடால் அடிகளாரின் நற்செய்திப் படநூலில் இப்படி 153 படங்கள். பெரும்பாலானவற்றை வீரிக்ஸ் சகோதரர்கள் செதுக்கினார்கள். படத்துக்குள்ளேயே எழுத்துக் குறிகள், கீழே அவற்றுக்கு விளக்கம். இயேசு சபைக் குருக்கள் அதைக் கடல் கடந்து கொண்டுபோனார்கள். 1637-இல் அலேனி அடிகளார் சீனாவில் அதைத் தழுவி மரக்கட்டை அச்சில் ஒரு நூல் கொண்டுவந்தார். மரத்தில் வேலையே தலைகீழ்: கோட்டை விட்டுவிட்டு, சுற்றியிருப்பதை வெட்டியெடுக்க வேண்டும். அந்தச் சீனக் கைகளை நினைத்தால் எனக்கு இன்றும் கும்பிடத் தோன்றும்.

அம்மம்மாவின் 31ஆம் நாள் நினைவு மலருக்கு அந்தப் படத்தையே அட்டையில் போட்டோம். “அண்ணன், கணினியில திருப்பிப் போட்டா காயம் சரியான பக்கம் வந்துரும்தானே” என்றான் தம்பி. நான் விடவில்லை. காயம் இடப்பக்கமே இருக்க, ஓரத்து விரல் கறையோடு சேர்த்துத் தகடு எடுத்தேன்.