பந்தயத்துக்குள் ஒரு 32 கிலோமீட்டர்

மும்பை மாரத்தானுக்கு, அதாவது 42.2 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு, இன்னும் ஐந்து வாரம்கூட இல்லை. என் பயிற்சி அட்டவணையிலேயே நீளமான ஓட்டம், 32 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. அதில் 21.1 கிலோமீட்டரை எங்கள் பகுதியில் நடந்த ஓர் அரை மாரத்தானுக்குள் வைத்து ஓடினேன். பந்தயத்துக்கு முன் 6, பந்தயத்துக்குப் பின் 5.

சென்ற ஆண்டும் இதே பந்தயத்துக்கு இதே எண்ணத்தோடுதான் பணம் கட்டினேன். அன்று நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 15 விநாடி என்ற வேகத்தில் நிதானமாக ஓடுவது என்று முடிவு செய்திருந்தேன். தொடக்கக் கோட்டில் செண்டை மேளம். என்னைச் சுற்றி நூற்றுக்கணக்கான கால்கள். நெஞ்சில் எண் அட்டை. முதல் கிலோமீட்டர் முடிந்து கடிகாரத்தைப் பார்த்தபோது 6:05. அப்போதே நிறுத்தி மூச்சு வாங்கியிருக்க வேண்டும். ஆனால் உடம்பு இலேசாக இருந்தது, காற்று குளிர்ச்சியாக இருந்தது, இரண்டாவது கிலோமீட்டரை 5:58இல் ஓடினேன். 2 மணி 9 நிமிடத்தில் முடித்தேன். என் சிறந்த நேரத்தைவிட மூன்று நிமிடம்தான் கூடுதல். பதக்கம் வாங்கி, படம் எடுத்துக்கொண்டு, மீதி 5 கிலோமீட்டரைத் தொடங்கலாம் என்று திரும்பும்போது இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஸ்கூட்டர் இருநூறு அடி தூரத்தில் நின்றது. ஏறி உட்கார்ந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தக் கால் சரியாக ஒன்பது நாள் ஆனது. அடுத்த இரண்டு ஞாயிறுகளின் நீண்ட ஓட்டங்களும் கைவிட்டுப் போயின. பந்தயத் தூரத்தின் ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் ஓய்வு என்று ஓட்டக்காரர்களிடையே ஒரு பழைய கணக்கு உண்டு. அரை மாரத்தான் 13 மைல். முழு மூச்சாக ஓடினால் ஏறக்குறைய இரண்டு வாரம் உடம்பு கடன் கேட்கும். மாரத்தானுக்குப் பயிற்சி எடுப்பவருக்கு டிசம்பரில் இரண்டு வாரம் என்பது பெரிய இழப்பு. ஜனவரியில் மும்பையில் அதற்கான விலையைக் கொடுத்தேன். அங்கே பெடர் ரோடு ஏற்றம் 35ஆவது கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. தசையிலும் ஈரலிலும் சேமித்த சர்க்கரை ஏறக்குறைய தீர்ந்துபோகும் நேரம் அது. வேறு நாளில் பேசிக்கொண்டே ஏறிவிடக்கூடிய மேடுதான். அன்று நடந்தேதான் ஏறினேன். முடிக்க 5 மணி 21 நிமிடம் ஆனது.

பிறகு ஏன் மறுபடியும் பந்தயம் என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. 32 கிலோமீட்டரைத் தனியாக ஓடியவர்களுக்குப் பதில் தெரியும். தண்ணீரை இடுப்பில் கட்டிக்கொண்டு, நாய்களுக்கும் பேருந்துகளுக்கும் ஒதுங்கி, விடியும்வரை ஆள் நடமாட்டம் உள்ள தெருவாகப் பார்த்து ஓட வேண்டும். பந்தயத்தில் சாலை நமக்கென்று அடைக்கப்பட்டிருக்கும். இரண்டரை கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் மேசை. விழுந்தால் தூக்க ஆள். இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. மாரத்தான் நாளின் காலைப் பொழுதை ஒத்திகை பார்க்க வேறு வழி கிடையாது. எத்தனை மணிக்கு எழுந்தால் வயிறு சுத்தமாகும், எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளும், எந்தச் சட்டை அக்குளில் உரசும் என்பதெல்லாம் பந்தயக் காலையில்தான் தெரியும். வீட்டைச் சுற்றி ஓடும் ஞாயிறுகளில் மனம் அத்தனை பரபரப்பாக இருப்பதில்லை, வயிறும் அப்படித்தான்.

எங்கள் குழுவில் அறுபதைக் கடந்த ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரைச் சார் என்றுதான் கூப்பிடுவோம். சென்ற ஆண்டுக் கதையைச் சொன்னதும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: “ஸ்கூட்டரை எதற்கம்மா கொண்டு போனீர்கள்?”

அந்தக் கேள்வியில்தான் இந்த ஆண்டுத் திட்டம் பிறந்தது. என் வீடு திருவான்மியூரில். பந்தயம் தொடங்குவதும் முடிவதும் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில். வீட்டிலிருந்து சற்றுச் சுற்றிப் போனால் 6 கிலோமீட்டர். திரும்பி வரும்போது கொஞ்சம் வளைந்து வந்தால் 5. வண்டி கிடையாது, பணம் கிடையாது, ஆட்டோ கூப்பிட கைப்பேசியும் கிடையாது. வீட்டு வாசல்தான் முடிவுக் கோடு.

2:45க்கு எழுந்தேன். ஒரு வாழைப்பழம், இரண்டு பேரீச்சம்பழம், அரை டம்ளர் காப்பி. தொடையிடுக்கிலும் அக்குளிலும் வாசலின். எண் அட்டையை நான்கு ஊசியால் சட்டையில் குத்தி, அதன்மேல் ஒரு மெல்லிய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டேன். கோட்டுக்கு வரும்வரை அந்த எண்ணைப் பார்க்க நான் விரும்பவில்லை.

நான்கு மணிக்குக் கிளம்பினோம். இருட்டு என்பதால் கணவர் சைக்கிளில் கூட வந்தார். மார்கழி பிறக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. தெருமுனைக் குழாயடியில் கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்பசாமிகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். கிலோமீட்டருக்கு 7:40. 46 நிமிடத்தில் கடற்கரை வந்துவிட்டது. பழைய சட்டையைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்தேன். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்தபோது, இனி ஓடித்தான் வீடு சேர வேண்டும் என்பது மனதில் உறுதியாகப் பதிந்தது.

6 கிலோமீட்டர் ஓடிவிட்டுக் கோட்டில் நிற்பதில் ஒரு நன்மை இருக்கிறது. கால் ஏற்கெனவே சூடாகிவிட்டதால் துள்ளுவதில்லை. கெடுதலும் உண்டு: காத்திருக்கும்போது வியர்வை குளிர்ந்துவிடும். இருபது நிமிடம் நின்றேன். பத்துக்கு மேல் போகாமல் கிளம்பும் நேரத்தை அமைத்துக்கொள்வது நல்லது என்று குறித்துவைத்திருக்கிறேன்.

கூட்டத்தின் பின்பகுதிக்குப் போய், 2:30 என்று எழுதிய கொடியைத் தூக்கிக்கொண்டு, சரியாக இரண்டரை மணி நேரத்தில் முடிக்கும் வேகத்தில் பிறருக்கு வழிகாட்டி ஓடும் வேகக்காப்பாளருக்கும் பின்னால் நின்றேன். மெதுவாக ஓடப்போகிறவர் முன்வரிசையில் நின்று பிறரை மறிக்கக் கூடாது என்பது ஒரு காரணம். அந்தக் கொடியைத் தாண்டக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட எல்லை.

அந்த எல்லையைக் காக்க இன்னொரு வழியும் கையாண்டேன். ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போதும் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். இரு பதின்மூன்று இருபத்தாறு, முப்பதின்மூன்று முப்பத்தொன்பது, நாற்பதின்மூன்று ஐம்பத்திரண்டு. இவ்வளவும் ஒரே மூச்சில் வந்தால் வேகம் சரி. இடையில் மூச்சுத் திணறினால் உடனே குறைக்க வேண்டும். பேச முடிகிற வேகமே நீண்ட ஓட்டத்தின் வேகம் என்று எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்வார்கள். தனியாக ஓடுகிறவர் யாரிடம் பேசுவது? வாய்ப்பாடு எனக்குப் பயன்பட்டது. திரு.வி.க. பாலத்தின் மேல், அடையாற்றின் காற்று முகத்தில் அடித்தபோது, நாற்பதின்மூன்றில் மூச்சு உடைந்தது. கடிகாரம் 6:50 காட்டியது. பாலத்தின் இறக்கம் என்னை இழுத்திருக்கிறது. குறைத்தேன்.

கடிகாரத்தையும் முழுதாக நம்ப முடியாது. பந்தயப் பாதையை அளக்கும்போது, சாலையின் வளைவுகளில் உள்ளோரமாக, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில்தான் அளப்பார்கள். நாமோ ஆட்களை விலக்கி, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, இடமும் வலமுமாக ஓடுகிறோம். என் கடிகாரம் கடைசியில் 21.3 காட்டியது. மும்பையில் கடிகாரத்தின் வேகத்தை மட்டும் நம்பினால் இரண்டு மூன்று நிமிடம் பிசகும். பலகைக்குப் பலகை நேரத்தைப் பார்ப்பதே சரி.

சாந்தோம் தாண்டிக் காமராசர் சாலைக்குள் நுழைந்தபோது கடல் பக்கம் வெளுத்திருந்தது. அங்கேதான் சோதனை. எங்கள் குழுவைச் சேர்ந்த ஒரு பையன் எதிர்ப்பக்கம் திரும்பி ஓடி வந்தவன், என்னைப் பார்த்துக் கத்தினான்: “அக்கா, காலில் ஏதாவது வலியா? ஏன் இவ்வளவு பின்னால்?”

“வலி இல்லை தம்பி. எனக்கு இன்றைக்கு 32.”

சொல்லிவிட்டேன், ஆனால் அடுத்த ஒரு கிலோமீட்டர் மனது கிடந்து அடித்துக்கொண்டது. என்னைவிட மெதுவாக ஓடுவார்கள் என்று நான் அறிந்தவர்கள் எல்லாம் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். கால் வேகமாகப் போகத் தயாராக இருந்தது. விட்டிருந்தால் போயிருக்கும். உழைப்பாளர் சிலை வரும்வரை வாய்ப்பாட்டைப் பலகைக்குக் காத்திருக்காமல் தொடர்ந்து சொல்லிக்கொண்டே ஓடினேன். நேப்பியர் பாலத்தருகே திரும்பிய பிறகு மனம் அடங்கிவிட்டது.

தண்ணீர்க் கோப்பை விஷயம் ஒன்று. ஓடிக்கொண்டே காகிதக் கோப்பையில் குடித்தால் பாதி மூக்கில் ஏறும். விளிம்பை இரு விரலால் அழுத்திக் குருவியின் அலகுபோல மடித்து, அந்த முனையிலிருந்து சிறிது சிறிதாக வாயில் விட வேண்டும். ஐந்தாவது மேசையில்தான் எனக்கு இது கைவந்தது. ஓட்டத்தில் சக்திக்காகச் சாப்பிடும் சர்க்கரைக் கூழான ஜெல் மூன்று சாப்பிட்டேன், ஒவ்வொன்றையும் மேசைக்கு ஐம்பது அடி முன்பே பிரித்து. தண்ணீர் இல்லாமல் ஜெல் இறங்காது. வயிறு எந்தத் தொந்தரவும் செய்யவில்லை. ஆகவே மும்பைக்கும் இதே ஜெல்தான்.

16ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு மாரத்தான் வேகம். கிலோமீட்டருக்கு 6:45. மும்பையில் 4 மணி 45 நிமிடத்தில் முடிக்க வேண்டுமானால் இந்த வேகம் வேண்டும். உடம்பில் அதற்குள் 22 கிலோமீட்டர் ஏறியிருந்தது. களைத்த காலில் அந்த வேகம் எப்படி இருக்கிறது என்று அறிவதுதான் இந்த நாளின் மையமான பகுதி. முதல் இரண்டு கிலோமீட்டர் சுகமாக இருந்தது; மூன்றாவதில் தொடையின் முன்பக்கம் கனத்தது; ஆனால் தளரவில்லை. 2:30 கொடி மீண்டும் கண்ணுக்குத் தெரிந்து, நெருங்கி வந்து, எனக்குச் சற்று முன்னால் கோட்டைக் கடந்தது. என் நேரம் 2:30:40. சென்ற ஆண்டைவிட 21 நிமிடத்துக்கும் மேல் கூடுதல். இத்தனை நிறைவாக நான் எந்தப் பந்தயத்தையும் முடித்ததில்லை.

கோட்டுக்குப் பின்னால் பதக்கம் மாட்டினார்கள். ஒரு தொண்டர் பெண் பொங்கல் பொட்டலத்தை நீட்டி, “உட்காருங்கள் அக்கா” என்று நாற்காலியையும் இழுத்துப் போட்டாள். வெண்பொங்கலின் மிளகு வாசனை. 21.1 கிலோமீட்டர் நெடுகிலும் வராத தடுமாற்றம் அந்த நாற்காலியின் முன்னால் வந்தது. உடம்பு முடிந்துவிட்டது என்று நம்பத் தொடங்கிவிட்டது. உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்க மாட்டேன். தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டு, பதக்கத்தைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி இடுப்புப் பையில் செருகி, எண் அட்டையை மடித்து வைத்துவிட்டு, இரண்டே நிமிடத்தில் நகர்ந்தேன்.

அந்த 5 கிலோமீட்டரில் சாலை யாருக்காகவும் அடைக்கப்படவில்லை. பால் வண்டி, பேப்பர் போடும் பையன்கள், கோலத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் பெண்கள். முதல் கிலோமீட்டரில் இரண்டு கெண்டைக்கால்களும் கட்டைபோல இருந்தன, 8:10. பிறகு இளகியது. மூன்றாவதில் 7:30. வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன், ஒரே மூச்சில் வந்தது. அந்த நொடியில் கண் கலங்கியது. சென்ற ஆண்டு பெடர் ரோட்டில் இழந்ததை இங்கே கொஞ்சம் மீட்டுவிட்டதுபோல் இருந்தது.

வாசலில் கணவர் உப்புப் போட்ட மோருடன் நின்றார். “தூரம் வந்துவிட்டதா?” என்றார். கடிகாரத்தை நிறுத்தி அவரிடம் காட்டினேன். நின்ற நேரம் போக, ஓடியது 3 மணி 55 நிமிடம். எடை பார்த்தேன்: கிளம்பியதைவிட 1.1 கிலோ குறைவு. இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடித்திருக்கலாம்.

திங்கட்கிழமை படிக்கட்டைக் கைப்பிடிக்காமல் இறங்கினேன். செவ்வாயன்று 6 கிலோமீட்டர் மெதுவாக ஓடினேன், எங்கும் வலி இல்லை. வரும் ஞாயிறு 24 கிலோமீட்டர், அதற்கடுத்த ஞாயிறு 29 கிலோமீட்டர், அதன்பின் மும்பைவரை தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். சமதளமான சென்னையில் பெடர் ரோட்டுக்கு ஒத்திகை பார்க்க இடம் தேடி, கடைசியில் பரங்கிமலை ஏறும் சாலையை முடிவு செய்திருக்கிறேன். வேளச்சேரி வழியாகப் போய், மலையேறி, திரும்பி ஓடி வருவேன். அன்றும் ஸ்கூட்டரை எடுக்கப் போவதில்லை.