பாடியவன் மகன், அலைந்தவள் நான்

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் என் மகன் இறுதிச் சுற்றுவரை போனான். குரல் தேர்வு, நெல்லை எக்ஸ்பிரஸில் இரவுப் பயணங்கள், நடுவர்கள் கொடுத்த ஊக்கம் எல்லாம் குறையில்லாமல் நடந்தன. அதற்குப் பின்னால் இருக்கும் காகித வேலையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை என்பதால், அடுத்து மேடையேறப்போகும் பிள்ளைகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் வீரவநல்லூர்க்காரர்கள். கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். மகன் ஏழாம் வகுப்பு. படப்பிடிப்பு தொடங்கும் முன்பு நிகழ்ச்சித் தயாரிப்பு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில், "உங்க கலெக்டர்கிட்ட ஒரு பெர்மிஷன் லெட்டர் வாங்கிட்டு வந்துடுங்க மேடம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை மனுநாளில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்று மனுவை நீட்டினேன். படித்துப் பார்த்த அதிகாரி பொறுமையாகவே விளக்கினார்: பிள்ளைகளைப் படப்பிடிப்பில் பங்கேற்கவைப்பதற்கான அந்த அனுமதியைக் கேட்க வேண்டியவர் தயாரிப்பாளர், கேட்க வேண்டிய இடமும் படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியர். சென்னையில் எடுக்கும் நிகழ்ச்சிக்கு நெல்லையில் கடிதம் கேட்கச் சொல்லி ஒரு பெண்ணை வெயிலில் அலைய விட்டவர்களுக்கு இது தெரியாதா என்ன?

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, 14 வயது நிறையாத பிள்ளைகள் பள்ளிப் படிப்பு கெடாமல் கலைஞர்களாகப் பங்கேற்கலாம் என்று விலக்கு அளிக்கப்பட்டது. அதற்கான நிபந்தனைகள் 2017இல் வந்த விதிகளில் இருக்கின்றன. ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. 3 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் நிறுத்தி வைக்கக் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் அழைக்கக் கூடாது. 5 பிள்ளைகளுக்கு ஒருவராவது பொறுப்பாளராக இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஏற்று ஆட்சியரிடம் தயாரிப்பாளர் கொடுக்கும் உறுதிமொழியின் நகலைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். நான் கேட்கும்வரை தேனொழுகப் பேசிய ஒருங்கிணைப்பாளர், கேட்டபின் என் அழைப்பையே எடுக்கவில்லை. நகல் வராமல் மகனை ரயில் ஏற்றமாட்டேன் என்று செய்தி அனுப்பினேன். அன்று மாலையே வந்துவிட்டது.

அதே விதிகளில்தான் பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அவன் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும், அவன் மேஜரான பிறகே அது அவன் கைக்கு வரும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. போட்டியில் பாடியதற்கு எங்களுக்கு ஊதியம் எதுவும் இல்லை. அதன்பின் அந்நிறுவனம் நடத்திய மேடை நிகழ்ச்சிகளுக்குத்தான் பணம் பேசினார்கள். கணக்கு எண்ணைக் கொடுங்கள், போடுகிறோம் என்றார்கள். இங்கே தொடங்கியது உண்மையான பாடு.

வங்கியில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விண்ணப்பத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் நான் எழுதியிருந்த என் பெயரைப் பென்சிலால் வட்டமிட்டார். "அவங்க அப்பா வந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஆகும், பாத்துக்கிடுங்கம்மா" என்றார். அவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றேன். "அப்ப அவர் லீவுல வரும்போது வாங்க" என்று விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அடுத்த முறை போனபோது, 20 சதவீத விதி என்று ஒன்று தங்களுக்கு வந்ததே இல்லை என்றும், நிறுவனத்திடமிருந்து கடிதம் வேண்டும் என்றும் சொன்னார். நிறுவனமோ கணக்கு எண் இல்லாமல் கடிதம் தர முடியாது என்றது. இரண்டு பக்கமும் மாறி மாறி இதையே சொல்ல, நடுவில் நின்று நான் பேருந்துக் கட்டணம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கைகொடுத்தது ஒரு பழைய தீர்ப்பு. மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரங்களுக்குத் தாமே பாதுகாவலராகக் கையெழுத்திட்டு விண்ணப்பித்த எழுத்தாளர் கீதா ஹரிஹரனிடம், தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று திருப்பிச் சொன்னார்கள். அவர் தொடுத்த வழக்கில், தந்தை உயிரோடு இருந்தாலும் பிள்ளையின் பொறுப்பு அவர் கையில் இல்லாத நிலையில் தாய் இயற்கைப் பாதுகாவலராகச் செயல்படலாம் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதையும் 2017 விதிகளையும் அச்செடுத்துக்கொண்டு நேரே மேலாளர் அறைக்குள் போனேன். அவர் இரண்டையும் வாசித்தார், யாருக்கோ தொலைபேசியில் பேசினார், பிறகு அதே கண்ணாடிக்காரரை அழைத்து விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னார். என் பெயரைச் சுற்றியிருந்த பென்சில் வட்டத்தை அவரே ரப்பரால் அழிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு அலைச்சலுக்கும் அது போதும் என்று அப்போது தோன்றியது.

பான் அட்டையில் இனிஷியல் தகராறு. பள்ளிச் சான்றிதழில் மகன் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்துதான் இருக்கிறது. பான் விண்ணப்பமோ இனிஷியலை ஏற்காது, தந்தை பெயரை முழுமையாக விரித்து எழுதச் சொல்லும். ஜங்ஷன் பக்கம் ஒரு கணினி மையத்தில் ஓர் எழுத்தோடே பதிந்துவிட, விண்ணப்பம் திரும்பி வந்தது. ஆதாரில் பெயர் எப்படி இருக்கிறதோ அதே வடிவில் பான், வங்கி இரண்டையும் முதலிலேயே அமைத்துக்கொள்ளுங்கள். பான் வராமல் பணத்தையும் வாங்காதீர்கள்; 10 சதவீதம் பிடிக்க வேண்டிய வரியை 20 சதவீதமாகப் பிடித்துவிடுவார்கள். பிள்ளை தன் திறமையால் ஈட்டும் வருமானம் பெற்றோர் வருமானத்தோடு சேராது என்பதால், மகன் பெயரிலேயே கணக்குத் தாக்கல் செய்து, பிடித்த வரியைத் திரும்பப் பெற்றோம். பரிசு என்றால் கதையே வேறு. வீடு பரிசு என்றால் அதன் மதிப்புக்கு 30 சதவீத வரியைக் கட்டிய பிறகே சாவி கிடைக்கும். எங்களுக்கு வீடு விழாததால் அந்தத் தலைவலி இல்லை.

ஒப்பந்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பதால் கையெழுத்து பெற்றோருடையது, கட்டுப்படுவதும் நாம்தான். வேறு எங்கும் பாடக் கூடாது என்று மூன்று ஆண்டுகளுக்கு எழுதி வந்திருந்தார்கள். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அந்த மூன்று ஆண்டுகள் என்பவை மகரக்கட்டு உடையும், அதாவது சிறுவன் குரல் ஆண் குரலாக மாறும் ஆண்டுகள். குரல் கரகரக்கும் காலத்தில் இவர்களும் கூப்பிடமாட்டார்கள், பிறரிடமும் போகவிடமாட்டார்கள் என்று அவனுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் எச்சரித்தார். ஓராண்டு என்று திருத்தித் தந்தபிறகே கையெழுத்துப் போட்டேன். குரல் மாறும் நாட்களில் உச்சத்தில் கத்தவைக்காமல் இருப்பதுதான் முக்கியம் என்று ஆசிரியர் சொல்லியிருப்பதால், இப்போது சுதியை இறக்கித்தான் பயிற்சி நடக்கிறது.

ஒப்பந்தக் காலம் முடிந்த கையோடு கோயில் கொடை விழாக்காரர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். "தம்பி நாலு பாட்டுப் பாடுனாப் போதும்க்கா, சாமக்கொடை முடிஞ்சதும் மேடையேத்திருவோம்" என்றார் ஓர் அண்ணாச்சி. சாமக்கொடை என்பது நள்ளிரவுப் பூசை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது, பையனுக்கு மறுநாள் பள்ளியும் இருக்கிறது, ஆகவே ஏழு மணிக்கு ஏற்றி எட்டரைக்கு இறக்கிவிட வேண்டும், முன்பணத்தை மகன் கணக்கில்தான் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பக்கத்து ஊர்க்காரர்கள் ஒப்புக்கொண்டு பணமும் போட்டுவிட்டார்கள். அண்ணாச்சி கமிட்டியில் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார்.