சேர் மூடிவைத்த பக்கம்

எங்களுக்கு ஆங்கில இலக்கியம் படிப்பித்த சேர் காலமான செய்தி ஒரு விடியற்காலையில் எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. அஞ்சலி வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. என்னால் ஒரு வரியும் எழுத முடியவில்லை. அலுமாரியிலிருந்து ஐரிஷ் கவிஞர் யேட்ஸின் கவிதைத் தொகுதியை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகும் நேரம் வரை அப்படியே இருந்தேன். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது சேரைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றேன். எனக்கு அவரைப் பற்றி எழுதுவதும் அந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதுவதும் ஒன்றுதான்.

பழுப்புத்தாள் உறை போட்ட அந்தத் தடித்த புத்தகம் உங்களுக்கும் நினைவிருக்கும். மக்மில்லன் 1950இல் வெளியிட்ட பதிப்பு. உயர்தர வகுப்பில் (ஏ.எல்.) ஆங்கில இலக்கியம் எடுத்த நாங்கள் ஏழு பேர், ஆய்வுகூடத்துக்குப் பின்னாலிருந்த அந்தச் சின்ன அறை. பாடம் முடிந்து மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது "கொப்பியளை மூடுங்கோ" என்பார். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே நான் பள்ளிக்கூடம் போனேன்.

'இன்னிஸ்ஃப்ரீ ஏரித்தீவு' என்ற கவிதையை மேசையில் விரலால் தட்டித் தட்டி வாசிப்பார். "இந்தத் தீவில இவர் ஒருநாளும் குடியிருக்கேல்லைத் தம்பியவை" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். 1888. யேட்ஸுக்கு 23 வயது. லண்டன் ஃப்ளீற் வீதியில் நடந்து போகிறார். ஒரு கடைக் கண்ணாடிக்குள் சின்ன நீரூற்று, அதன் நுனியில் ஒரு பந்து ஆடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் அயர்லாந்தில் ஸ்லைகோவின் ஏரி நினைவுக்கு வருகிறது. எழுந்து போகிறேன், இப்போதே போகிறேன் என்று தொடங்கும் கவிதை அங்கே பிறந்தது. லண்டன் என்றால் என்னவென்று தெரியாத எங்களுக்கு அந்தக் கடைக் கண்ணாடி மட்டும் நன்றாகத் தெரிந்தது.

இனி 1984க்கு வருகிறேன்.

முந்திய ஆண்டு ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வகுப்புகளில் கதிரைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. எங்கள் ஏழு பேரிலும் ஒருவன் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கிழமை சேர் அலுவலகத்துக்குப் போயிருந்த நேரத்தில் அவருடைய புத்தகத்தைத் திறந்தேன். 'ஈஸ்டர் 1916' என்ற தலைப்புக் கண்ணில் பட்டது. ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக அந்த ஆண்டு டப்ளினில் நடந்த எழுச்சியைப் பற்றிய கவிதை. எல்லாம் மாறிப்போயின, ஒரு பயங்கரமான அழகு பிறந்துவிட்டது என்று அதில் திரும்பத் திரும்ப வரும் அடி என்னைப் பிடித்துக்கொண்டது. முதல் பகுதியையும் கடைசி வரிகளையும் கொப்பியில் எழுதி எடுத்துப் பாடமாக்கினேன்.

அடுத்த நாள் கடைசிப் பத்து நிமிடத்தில் கேட்காமலே எழுந்து நின்று ஒப்புவித்தேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன். முடித்தபோது அறை முழுக்க அமைதி. சேர் புத்தகத்தை மூடினார்.

"நடுவில ஒரு துண்டு விட்டிட்டீர். அது என்ன?"

நான் பேசாமல் நின்றேன்.

"அது தெரியாமல் இதைச் சொல்லக்கூடாது. வெளியில போய் நில்லும்."

விறாந்தையில் மணி அடிக்கும் வரை நின்றேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக மைதானத்துக்குப் போகும்போது ஒவ்வொருவராக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு முன் என்னை எந்த வாத்தியாரும் வெளியில் விட்டதில்லை. அதற்குப் பிறகு சேர் அந்தப் புத்தகத்தை வகுப்புக்குக் கொண்டுவரவும் இல்லை. இவர் பயந்த மனிதர் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அடுத்த ஆண்டு வீட்டார் என்னைக் கொழும்பு வழியாக லண்டனுக்கு அனுப்பியபோது எல்லா ஆசிரியர்களிடமும் பயணம் சொல்லப் போனேன். அவரிடம் போகவில்லை.

லண்டனில் பகலில் படிப்பு, இரவில் பெற்றோல் நிலையம். செயறிங் கிராஸ் வீதியின் பழைய புத்தகக் கடையொன்றில் யேட்ஸின் தொகுதியைக் கண்டு வாங்கினேன். 1933ஆம் ஆண்டின் முதற் பதிப்பு. விட்ட துண்டை அந்த இரவே காசு வாங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து படித்தேன்.

ஓடும் ஆறு. குதிரை, மேகம், நீர்க்கோழி எல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகின்றன. நடுவில் ஒரு கல் மட்டும் அசையாமல் கிடக்கிறது. நீண்டகாலத் தியாகம் இதயத்தைக் கல்லாக்கிவிடும் என்கிறார் கவிஞர். அதற்குப் பிறகு, இந்தச் சாவு தேவைதானா என்றும் கேட்கிறார். கேட்டுவிட்டு, ஒரு தாய் தூங்கிப்போன பிள்ளையின் பெயரைச் சொல்வதுபோல இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பெயர் சொல்லப்பட்ட நால்வரில் பியர்ஸ் பள்ளிக்கூடம் நடத்தியவர். மக்டோனா ஆங்கிலம் படிப்பித்தவர். மக்பிரைட், யேட்ஸ் ஆயுள் முழுக்க நேசித்த பெண்ணை மணந்து நோகடித்தவர். அவரைக் குடிகாரன் என்று எழுதிவிட்டு, அவருக்கும் இந்தப் பாட்டில் இடம் உண்டு என்கிறார். இந்த நேர்மையை நான் வேறெந்த இரங்கற்பாவிலும் கண்டதில்லை. வகுப்பில் நான் முழங்கிய அடி இத்தனை கேள்விகளையும் கடந்த பிறகுதான் கடைசியாக வருகிறது.

அந்த எழுச்சி நடந்தபோது யேட்ஸ் டப்ளினில் இல்லை. இங்கிலாந்தில் கிளொஸ்டர்ஷயரில் நண்பர் வீட்டில் இருந்தார். மே 3ஆம் திகதிக்கும் 12ஆம் திகதிக்கும் இடையில் 15 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி தூரத்திலிருந்தவருக்குத்தான் வந்து சேர்ந்தது. ஊர்ச் செய்திக்காகத் தொலைபேசிக்குப் பக்கத்தில் தூங்கிய எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செப்டம்பரில் கவிதையை முடித்தார். நண்பர்களுக்கென 25 பிரதிகள் மட்டும் அச்சாகின. ஊரறிய அது வெளியானது 1920 ஒக்டோபரில். நாலு வருசம் அவரும் அந்தப் பக்கத்தை மூடித்தான் வைத்திருந்தார்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் சேர் மீதிருந்த கோபம் முழுதாகப் போகவில்லை. நடுத்துண்டை விளங்கப்படுத்தியிருக்கலாமே, ஏன் வெளியில் விட்டார் என்று இருந்தது.

என்னிடமிருந்த 1933 பதிப்பில் அதற்குப் பதில் இல்லை. யேட்ஸ் அதற்குப் பிறகும் ஐந்து வருசத்துக்கு மேல் வாழ்ந்தார், எழுதினார். அந்தக் கடைசிக் கவிதைகள் 1950 பதிப்பில்தான் சேர்ந்தன, சேரிடம் இருந்த பதிப்பில். 2009க்குப் பிந்திய ஒரு குளிர்காலத்தில், நித்திரை வராத நாட்களில், நூலகத்திலிருந்து அதை எடுத்து வந்து முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தேன். தொகுதியை அப்படித்தான் படிக்க வேண்டும் என்று இதை வாசிக்கும் எல்லோருக்கும் சொல்வேன். பொறுக்கியெடுத்த பத்துக் கவிதைகளில் யேட்ஸ் அகப்பட மாட்டார். இளவயதின் மெல்லிய இசை மெல்ல மெல்ல இறுகி, சதை கழன்று, கிழவனின் முரட்டுக் குரலாக மாறுவதைப் பக்கம் பக்கமாகக் கேட்கலாம். இடையில் 'பள்ளிப் பிள்ளைகள் நடுவே' வருகிறது. 1926இல் செனட் உறுப்பினராக வாட்டர்ஃபர்டில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போன அறுபது வயது மனிதர், கண்ணெடுத்துப் பார்க்கும் சிறுபிள்ளைகளுக்கு முன் நிற்கிறார். இந்த வருசம் எனக்கும் அறுபது.

அந்தக் கடைசிக் கவிதைகளின் வரிசையில் 'மனிதனும் எதிரொலியும்' இருந்தது. 1938இல், சாவதற்குச் சில மாதங்களுக்கு முன் எழுதியது. மலைப்பிளவில் நின்று ஒரு கிழவர் தன்னையே கேட்கிறார். இரவிரவாகத் தூக்கமில்லை. என்னுடைய அந்த நாடகம்தான் சில பேரை அனுப்பிவைத்ததா, ஆங்கிலேயர் சுட்டுக் கொன்ற அந்தச் சிலரை? 1902இல் மேடையேறிய நாடகம் அது. அயர்லாந்தே ஒரு கிழவியாக வந்து, அடுத்த நாள் கலியாணம் செய்யவிருந்த இளைஞனை வீட்டைவிட்டு அழைத்துப் போகும் கதை. எழுச்சி நடந்து 22 வருசம் கழித்தும் யேட்ஸுக்கு அது ஆறவில்லை. பதிலுக்கு எதிரொலி அவர் சொல்லின் வாலையே திருப்பித் தருகிறது. கடைசியில் பருந்தோ ஆந்தையோ அடித்துப் போட்ட ஒரு முயல் கத்துகிறது. அந்தச் சத்தத்தில் அவர் யோசனை அறுந்து போகிறது. கவிதையும் அத்தோடு நிற்கிறது.

காலியான கதிரையை முன்னால் வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவருக்கு இந்தப் பக்கம் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

2013இல் ஊருக்குப் போனபோது சேர் வீட்டுக்குப் போனேன். சாய்மனைக் கதிரையில் இருந்தார். குரலைக் கேட்டே என்னை அடையாளம் கண்டார். "ஃப்ளீற் வீதிக்குப் போனனீரோ?" என்பதுதான் அவர் கேட்ட முதற் கேள்வி. போனேன் என்றேன். நீரூற்று வைத்த கடை எங்கே இருந்திருக்கும் என்று இருவரும் கொஞ்ச நேரம் பேசினோம். இன்னிஸ்ஃப்ரீயைக் கதிரைக் கையில் விரலால் தட்டித் தட்டி முழுக்கச் சொன்னார், ஒரு சொல்லும் தவறவில்லை. அந்த விறாந்தையைப் பற்றியும் மலைப்பிளவுக் கிழவரைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தேன். தேத்தண்ணி வந்தது, பக்கத்து வீட்டார் வந்தார்கள், என்னோடு வந்தவர்களுக்கு வேறு இடம் போக வேண்டியிருந்தது.

படலை வரை நடந்து வந்தார்.

"திரும்ப எப்ப வாறீர்?"

"அடுத்த ஆடிக்கு வாறன், சேர்."