உறைகுளிருக்கு ஏற்ற வாஷர் திரவமும் கேனில் அச்சிட்ட எண்ணும்

குளிர்காலம் நெருங்கும்போது டயரையும் பேட்டரியையும் பற்றி நான்கு பேரிடம் விசாரிக்கும் நாம், முன்கண்ணாடியைக் கழுவும் திரவத்தைப் பற்றி யாரிடமும் கேட்பதில்லை. கடையில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிற நீல நிறக் கேனை எடுத்துவந்து தொட்டியில் ஊற்றிவிடுகிறோம். ஆனால் உப்புத் தூவிய சாலையில் முன்னே செல்லும் லாரி வாரியிறைக்கும் சேற்றுநீர் கண்ணாடி முழுவதையும் மூடிவிட்டால், அந்த நேரத்தில் வைப்பரை மட்டும் ஓடவிடுவது சேற்றைப் பரப்புவதற்கே உதவும். திரவம் குழாயிலேயே உறைந்து கிடந்தாலும், கண்ணாடியில் பட்டவுடன் உறைந்துபோனாலும், வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்தில் சில விநாடிகளுக்கு எதிரே எதுவும் தெரியாது. ஆகவே இந்தத் தேர்வுக்கு நாம் வழக்கமாகத் தருவதைவிடச் சற்றுக் கூடுதலான கவனம் தேவை என்பது என் கருத்து.

குளிர்கால வாஷர் திரவம் என்பது பெரும்பாலும் தண்ணீர், ஏதேனும் ஓர் ஆல்கஹால், சிறிதளவு சோப்புப் பொருள், நிறம், மணம் ஆகியவற்றின் கலவை. உறையாமல் காப்பது ஆல்கஹால்தான்; எந்த வெப்பநிலை வரை காக்கும் என்பதை அதன் விகிதம் தீர்மானிக்கிறது. எத்தனாலை எடுத்துக்கொண்டால், கன அளவில் 20 சதவீதம் கலந்த நீர் சுமார் −9 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். 40 சதவீதம் கலந்தால் அது சுமார் −23 டிகிரிக்கு இறங்கும். வெறும் தண்ணீரோ 0 டிகிரியில் உறைவதோடு, உறையும்போது கன அளவில் ஏறக்குறைய 9 சதவீதம் விரிவடைகிறது. தொட்டியில் காலியிடம் இருந்தால் அது தப்பித்துக்கொள்ளலாம். நீர் நிறைந்து நிற்கும் பம்புக்கும் ஹோஸ் இணைப்புகளுக்கும் அந்த வாய்ப்புக் கிடையாது.

இனி, கேனில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு வருவோம். −20 என்று போட்டிருந்தால், −20 டிகிரி வரை நிம்மதியாக ஓட்டலாம் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண் தொட்டிக்குள் அசையாமல் இருக்கும் திரவத்துக்குப் பொருந்துமே தவிர, ஓடும் வாகனத்தின் கண்ணாடிமேல் மெல்லிய படலமாகப் பரவிய திரவத்துக்குப் பொருந்தாது. ஆல்கஹால் தண்ணீரைவிட விரைவில் ஆவியாகும் பொருள். மெத்தனாலின் கொதிநிலை சுமார் 65 டிகிரி, எத்தனாலின் கொதிநிலை சுமார் 78 டிகிரி. காற்று வேகமாக வீசும்போது கண்ணாடியிலிருந்து முதலில் அதுவே கிளம்பிவிடுகிறது. மிஞ்சியிருக்கும் படலத்தில் தண்ணீரின் பங்கு கூடுகிறது. அதாவது அதன் உறைநிலை மேலேறிவிடுகிறது. அதே நேரத்தில், ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தைக் கண்ணாடியிலிருந்தும் படலத்திலிருந்துமே எடுத்துக்கொள்வதால் கண்ணாடியும் குளிர்கிறது. உறைநிலை மேலேற, கண்ணாடியின் வெப்பநிலை கீழிறங்க, இரண்டும் நடுவழியில் சந்தித்துக்கொள்ளும் இடத்தில் கண்ணாடி வெளுத்துவிடுகிறது. காற்றின் வேகம் மட்டுமே உலர்ந்த கண்ணாடியை வெளிக்காற்றைவிடக் குளிராக்கிவிடாது; ஈரம் சேர்ந்தால்தான் இந்த வேலை நடக்கிறது. திறந்தவெளியில் நிறுத்தப்பட்ட வாகனத்துக்கோ இன்னொரு காரணமும் உண்டு: மேகமற்ற இரவில் கண்ணாடி தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீசி இழப்பதால், சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கீழே சென்றுவிடும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து நான் கடைப்பிடிப்பது ஒரு எளிய கணக்கு. அந்தக் குளிர்காலத்தில் எதிர்பார்க்கும் மிகக் குறைந்த வெப்பநிலைக்கும் குறைந்தது 10 முதல் 15 டிகிரி கீழே எண் உள்ள திரவத்தையே வாங்குவேன். −10 வரை இறங்கும் என்றால் −25. −20 வரை இறங்கும் என்றால் −35 அல்லது −40. மலிவு என்பதற்காக −5 போட்ட திரவத்தை வாங்குவது உறைகுளிரைப் பொறுத்தவரை வாங்காததற்குச் சமம். எண்ணைப் பார்க்கும்போதே அது செல்சியஸா பாரன்ஹீட்டா என்பதையும் பார்த்துவிட வேண்டும்: −20 பாரன்ஹீட் என்பது சுமார் −29 செல்சியஸ், 0 பாரன்ஹீட் என்பது சுமார் −18 செல்சியஸ்.

நல்ல திரவத்தை வாங்கியபிறகும் அதைக் கெடுக்கும் இடம் ஒன்று உண்டு; அது தொட்டியில் ஏற்கெனவே கிடக்கும் கோடைக்காலத் திரவம். நான்கு லிட்டர் தொட்டியில் இரண்டு லிட்டர் தண்ணீர் இருக்க, அதன்மேல் 40 சதவீத எத்தனால் உள்ள திரவத்தை இரண்டு லிட்டர் ஊற்றினால், −23 வரை தாங்க வேண்டியது −9 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். ஆகவே முதல் கடுங்குளிருக்கு முன்பே பழையதைக் கண்ணாடிமேல் பீய்ச்சியே தீர்த்துவிடுவதும், பிறகு புதியதை நிரப்புவதும் நல்லது. நிரப்பிய பின்னர் ஹோஸிலும் நாசில்களிலும் இன்னமும் பழைய திரவமே நிற்கும் என்பதால், புதிய திரவத்தின் நிறமோ மணமோ தெரியும் வரை விட்டுவிட்டுப் பீய்ச்ச வேண்டும். பின்கண்ணாடிக்கும் வாஷர் இருந்தால் அதற்கான ஹோஸ் வாகனத்தின் நீளத்துக்கு ஓடுவதால் அங்கே இன்னும் சற்றுப் பொறுமை வேண்டும். பம்பைத் தொடர்ந்து வெகுநேரம் ஓடவிடாமல், இடைவெளி கொடுத்து இயக்குவது அதற்கு நல்லது.

எந்த ஆல்கஹால் என்பதும் கவனிக்க வேண்டியதே. மெத்தனால் மலிவானது, குறைந்த அளவிலேயே உறைநிலையை நன்றாக இறக்கும். ஆனால் அது கொடிய நஞ்சு. உடலுக்குள் சென்றால் ஃபார்மிக் அமிலமாக மாறி, பார்வை நரம்பைத் தாக்கிக் குருடாக்கும், உயிரையும் பறிக்கும். ஐரோப்பிய ஒன்றியம், பொதுமக்களுக்கு விற்கப்படும் வாஷர் திரவத்தில் எடையளவில் 0.6 சதவீதம் அல்லது அதற்கு மேல் மெத்தனால் இருக்கக் கூடாது என்று 2018இல் விதி செய்து, 2019 முதல் நடைமுறைப்படுத்தியது. வேறு பல இடங்களில் மெத்தனால் திரவம் இன்றும் சாதாரணமாக விற்கப்படுகிறது. வீட்டில் குழந்தைகளோ செல்லப்பிராணிகளோ இருந்தால், சற்று விலை கூடினாலும் எத்தனால் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் உள்ளதை வாங்குவதையே நான் விரும்புவேன். ஐசோபுரொப்பைலின் நெடி வண்டிக்குள் புகுந்து சிலருக்குத் தலைவலியைத் தரும் என்பது வேறு விஷயம்.

தண்ணீர் கலந்து பயன்படுத்தும் செறிவுத் திரவம் வாங்குவோர், பின்பக்கத்தில் உள்ள விகித அட்டவணையைப் படிக்காமல் கண்ணளவில் கலப்பதைத் தவிர்க்க வேண்டும். கலப்பதற்குக் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது, ஏனெனில் கடின நீரின் உப்புகள் நாசிலின் சிறு துளைகளில் படியும். கலவையைச் சோதிக்க, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டுக்குப் பயன்படும் ரிஃப்ராக்டோமீட்டர்கள் (திரவத்தில் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை, அதாவது ஒளிவிலகல் எண்ணை, அளக்கும் கருவிகள்) சிலவற்றில் வாஷர் திரவத்துக்கென ஓர் அளவுகோலும் இருக்கும். மெத்தனாலின் ஒளிவிலகல் எண் தண்ணீருடையதற்கு மிக அருகில் இருப்பதால், அந்தத் திரவத்தை இக்கருவியால் அளந்து நம்பக் கூடாது.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யவும் கூடாது. நீலமோ பச்சையோ ஆரஞ்சோ, தயாரிப்பாளர் விருப்பப்படி ஊற்றிய சாயம்தான். அதனால் உறைநிலையைப் பற்றி எதுவும் தெரியாது. கூலன்ட்டும் இதே நிறங்களில் வருகிறது, அதுவும் உறையாது என்று கேள்விப்பட்டு அதை வாஷர் தொட்டியில் ஊற்றுவோர் இருக்கிறார்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைகோல் எளிதில் ஆவியாகாமல் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம்போல் படிந்து, இரவில் எதிர்வரும் விளக்கொளியைச் சிதறடிக்கும், அதுவும் நஞ்சே. வீட்டு உபயோகத்துக்கான பாத்திரம் கழுவும் சோப்பும் நுரையைக் கிளப்புமே தவிர உறையாமல் காக்காது. மேலும், இன்றைய முகப்பு விளக்குகளின் மூடிகள் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. விளக்கையும் கழுவும் அமைப்பு உள்ள வாகனத்துக்கு, பாலிகார்பனேட்டுக்குப் பாதுகாப்பானது என்று குறிப்பிட்ட திரவத்தையே வாங்க வேண்டும்.

எவ்வளவு நல்ல திரவமானாலும், உறைந்த கண்ணாடியின்மேல் புறப்பட்டவுடனே பீய்ச்சுவது தவறு. பனியைச் சுரண்டியெடுத்துவிட்டு, டீஃப்ராஸ்டரின் சூடான காற்றால் கண்ணாடி சற்று வெதுவெதுப்பாகும் வரை காத்திருந்து, அதன்பிறகே திரவத்தைப் பயன்படுத்த வேண்டும். அவசரத்தில் வெந்நீர் ஊற்றினால் திடீர் வெப்ப மாற்றத்தால் கண்ணாடி விரிசல் விடக்கூடும். நீண்ட பயணத்துக்குக் கிளம்புவோர் ஒரு முழுக் கேனை வண்டியில் வைத்துக்கொள்வது நல்லது. உப்புச்சேறு உள்ள நெடுஞ்சாலையில் தொட்டி எதிர்பார்ப்பதைவிட விரைவில் வற்றும். அந்தக் கேன் தீப்பற்றக்கூடிய பொருள் என்பதால் மூடியை இறுக்கி, நிமிர்த்தி, சாமான் வைக்கும் பின்பகுதியில் சரியாதபடி வைக்க வேண்டும். மீந்ததைக் குடிநீர் பாட்டிலில் மட்டும் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.