சமஸ்கிருதத் தேர்வில் கடிதம்: அடியிலிருந்து படியுங்கள்

சிங்கப்பூரில் சிபிஎஸ்இ (இந்திய மத்தியக் கல்வி வாரியம்) பள்ளியில் பத்தாம் வகுப்புச் சமஸ்கிருதத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ததில், கடிதப் பகுதிக்கு எது கைகொடுத்தது என்பதை எழுதுகிறோம்.

80 மதிப்பெண் தாளில் கடிதத்துக்கு 5. முழுக் கடிதத்தையும் சொந்தமாக எழுத வேண்டியதில்லை. பத்து இடங்கள் விடுபட்ட கடிதமும், 'மஞ்ஜூஷா' என்ற பெட்டியில் பத்துச் சொற்களும் கொடுப்பார்கள். இடத்துக்கு அரை மதிப்பெண். விடை கண்ணெதிரே இருக்கிறதே என்று கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். ஒரு சொல் இடம் மாறினால் அதன் இடத்துக்கு உரிய சொல்லும் வேறெங்கோ போய் உட்காரும். போவது அரை அல்ல, ஒன்று.

கடிதத்தை மேலிருந்து படிக்கத் தொடங்குவதுதான் முதல் தவறு. கடைசி இரண்டு வரிகளை முதலில் பார்க்க வேண்டும். எழுதுவது யார், ஆணா பெண்ணா, யாருக்கு என்பது அங்கேதான் தெரியும். 'உங்கள்' என்ற சொல் பெறுபவரைப் பொறுத்தது: நண்பனுக்கு 'பவத:', தோழிக்கு 'பவத்யா:', அப்பாவுக்கோ தலைமையாசிரியருக்கோ மரியாதைப் பன்மையில் 'பவதாம்'. அதை அடுத்து வரும் சொல்லோ எழுதுபவரைப் பொறுத்தது. மகன் என்றால் 'பவதாம் புத்ர:', மகள் என்றால் 'பவதாம் புத்ரீ'. விண்ணப்பத்தில் 'கீழ்ப்படியும் மாணவர்' என்பதற்கு மாணவன் 'ஆஜ்ஞாகாரீ சிஷ்ய:', மாணவி 'ஆஜ்ஞாகாரிணீ சிஷ்யா'. நண்பரைக் குறிக்கும் 'மித்ரம்' மட்டும் நபும்சக லிங்கம், அதாவது ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. யார் எழுதினாலும் மாறாது.

தமிழ் பேசும் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது வினைச்சொல்லில். தமிழில் 'நீங்கள்' முன்னிலை. சமஸ்கிருதத்தில் 'பவான்' என்றால் பொருள் 'நீங்கள்'தான், ஆனால் வினை படர்க்கையில் வரும். 'பவான் ஆகச்சதி' சரி, 'பவான் ஆகச்சஸி' தவறு. அப்பாவிடம் பணம் கேட்கும் கடிதத்தில் 'பவந்த: ப்ரேஷயந்து' என்று பன்மை வரும். 'அவர்கள் அனுப்பட்டும்' என்ற அமைப்பாக மனத்தில் வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். இதை ஒரு வாரம் வாய்விட்டுச் சொல்ல வைத்ததில் கிடைத்த பலன் வேறெதிலும் கிடைக்கவில்லை.

மீதி இடங்களை நிரப்ப ஒட்டுச்சொற்கள் உதவும். கோடிட்ட இடத்துக்குப் பின் 'ஸஹ' இருந்தால் மூன்றாம் வேற்றுமை: 'மித்ரை: ஸஹ' (நண்பர்களோடு). 'நம:' இருந்தால் நான்காம் வேற்றுமை: 'மாத்ரே நம:' (அம்மாவுக்கு வணக்கம்). முன்னால் 'அஹம்' இருந்தால் 'இச்சாமி' போல 'மி'யில் முடியும் வினையைத் தேடலாம். 'அத்ர குசலம் தத்ராஸ்து' (இங்கே நலம், அங்கேயும் நலமாகட்டும்) போன்ற நிலையான வாக்கியங்கள் மனப்பாடமாகவே இருக்கட்டும்.

மேலே இடம், தேதி எழுதும் பகுதியில் ஒரு பொறி உண்டு. 'சாத்ராவாஸத:' என்றால் விடுதியிலிருந்து. 'பவத:' என்பதும் அப்படியே முடிவதால், அவசரத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். புங்கோலில் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைக்கு விடுதியிலிருந்து கடிதம் எழுதும் சூழலே பழக்கமில்லை. கடிதத்தின் சூழலை முதலில் தமிழில் சொல்லிப் புரியவைத்துவிடுங்கள்.

பெட்டியைப் பார்த்து எழுதும்போதும் பிழை வரும். தமிழில் ஒரே 'ப' என்பதால், 'பவத:' என்பதன் மூச்சொலி கலந்த முதல் எழுத்துக்குப் பதில் சாதாரண எழுத்தைப் போட்டுவிடுவார்கள். விசர்கத்தின் இரண்டு புள்ளிகளும், தலைக்கு மேல் வரும் அனுஸ்வாரப் புள்ளியும் அடிக்கடி விடுபடும். எழுதி முடித்ததும் பெட்டியோடு ஒவ்வொரு சொல்லாக ஒப்பிட இரண்டு நிமிடம் ஒதுக்கினோம்.

வாரத்துக்கு இரண்டு கடிதம், ஒன்று வீட்டுக்கு, ஒன்று விண்ணப்பம். நிரப்பிய பிறகு எழுதுபவரை மகனிலிருந்து மகளாக மாற்றி, அதே கடிதத்தை மறுபடி எழுதச் சொல்லுங்கள். 'கதவான்' (போனான்) 'கதவதீ' (போனாள்) ஆக வேண்டும். எங்கே தடுமாறுகிறார்கள் என்பது அப்போது தெரிந்துவிடும்.