மறுபடியும் தள்ளிப்போட்டுவிட்டார்கள்

ராக்ஸ்டார் நிறுவனத்தின் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ வீடியோ கேம் வரிசையில் ஆறாம் பாகமான ஜிடிஏ 6 வெளியீட்டை முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26, கடைசியாக நவம்பர் 19. ஐந்தாம் பாகம் வந்தது 2013 செப்டம்பரில்! அன்று பள்ளிப் பையையும் மறந்து விளையாடியவர்கள் இன்று வீட்டுக்கடன் கட்டுகிறார்கள்.

ஆனால் தாமதத்தில் எனக்குக் கோபமில்லை. 2020 டிசம்பரில் வேறொரு நிறுவனத்தின் கேமான சைபர்பங்க் 2077 பட்ட பாட்டைப் பார்த்தோமே. அவசரமாக இறக்கினார்கள், சோனியின் பழைய கேம் கருவியான பிளேஸ்டேஷன் 4இல் அது முக்கி முனகி ஓடியது. சோனி தன் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. அந்தக் கூத்து இன்னொரு முறை வேண்டாம். ஜிடிஏ 6இன் இரண்டாவது ட்ரெய்லரில் பீர் பாட்டிலுக்குள் எழும் குமிழிகளைக்கூட விடாமல் செதுக்கியிருக்கிறார்கள், செதுக்கட்டும்.

என் வயிற்றெரிச்சல் வேறு. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கேம் கருவிகளுக்கு என்று மட்டுமே அறிவித்தார்கள். கணினிக்காரர்களைப் பற்றி மூச்சே விடவில்லை. ஐந்தாம் பாகத்துக்கும் எங்களை 2015 ஏப்ரல் வரை காக்கவைத்த ஆட்கள்தானே!